செட்டிபாளையத்துத் தென்னங்குற்றிப் பீரங்கி

கடற்கொள்ளையர் என்றால் எனக்குச் சிறு வயதிலிருந்தே பைத்தியம். கொழும்பில் நான் வேலை பார்க்கும் கந்தோரில் இது தெரியாதவர்கள் இல்லை. அதனால்தான் மட்டக்களப்பிலிருந்து மாற்றலாகி வந்த நண்பர் ஒருவர், செட்டிபாளையத்தில் ஒரு கொள்ளைக்காரனின் பீரங்கி கிடப்பதாகப் பேச்சுவாக்கில் சொன்னதும், பங்குனி மாதத்தில் மூன்று நாள் லீவு போட்டுவிட்டு ரயிலேறிவிட்டேன்.

மட்டக்களப்புக்கு ரயில் விட்ட பிறகு பயணம் சுலபமாகிவிட்டது. மாலையில் கோட்டை ஸ்டேஷனில் ஏறினால் விடிந்ததும் இறங்கலாம். மாகோ தாண்டியபின் குளிரும், போர்வை கட்டாயம். தூக்கம் வராமல், எதிரே இருந்த பெரியவரிடம் கொள்ளையர் பெருமையை அளந்துகொண்டே வந்தேன். அந்தக் கப்பல்கள் பலவற்றில் தலைவனைக் கூட்டாளிகளே தெரிவு செய்வார்களாம், சரியில்லையென்றால் இறக்கியும் விடுவார்களாம். சண்டையில் கை கால் போனவனுக்குத் தனிப் பங்கு உண்டாம். நமக்கு இப்போதுதானே வாக்குரிமை கிடைத்திருக்கிறது, அவர்கள் அதை எப்போதோ நடத்திக் காட்டிவிட்டார்கள் என்றேன். அவர் தன் பெட்டியைக் காலுக்கடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

டவுனில் ஒல்லாந்தர் கோட்டையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு பஸ் பிடித்தேன். கல்லடிப் பாலம் தாண்டித் தெற்கே ஏறக்குறைய பன்னிரண்டு மைல். இடது கையில் கடல், வலது கையில் வாவி, நடுவே ஒரு நாடா அகலத்துக்கு ஊர்கள். கட்டணம் முப்பது சதம். சாரதி காத்தான்குடி முஸ்லிம். அங்கே அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"காக்கா, பீரங்கி இருக்கிற இடத்தில் இறக்கிவிடுங்கள்" என்றேன்.

"பீரங்கியா? அது தென்னங்குத்தி, மகன்!" என்று ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார். "அதப் பாக்கவா கொழும்பிலரிந்து வந்தீங்க?"

பீரங்கி என்பது வெறும் தென்னங்குற்றியா! ஆனாலும் இவ்வளவு தூரம் வந்தாயிற்றே.

நண்பர் சொல்லிவிட்டிருந்த வீடு கந்தப்பன் என்பவருடையது. கரைவலைச் சம்மாட்டி, அதாவது வலையும் தோணியும் அவருடையவை. வாசலில் நான் வாயைத் திறக்குமுன் அவர் மனைவி பொன்னம்மா ஒரு செம்புத் தண்ணீரை நீட்டினார். "முதல்ல குடிங்க தம்பி. மறுகா கதைக்கலாம்." கரையேறி வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்த பிறகுதான் ஊர்பேர் கேட்பது அந்த வீட்டு வழக்கமாம்.

கந்தப்பன் என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். மணலில் கடலைப் பார்த்தபடி ஒரு முழுத் தென்னங்குற்றி கிடந்தது. நடுவெல்லாம் குடைந்து, உடம்பெல்லாம் கரிபூசி, தூரத்திலிருந்து பார்த்தால் அசல் பீரங்கிதான். வருடத்தின் முதல் கரைவலை இழுக்கும் அன்று தேங்காயெண்ணெயில் கரியைக் குழைத்துப் பூசவேண்டுமாம். நான் போன நாள்தான் அந்த நாள். கரி பளபளவென்று ஈரமாக இருந்தது. நான் ஆசை ஆசையாகக் கேள்வி கேட்கத் தொடங்கினேன். அவரோ ஒரு பழைய வலையை இழுத்து அதன்மேல் போட்டு மூடினார்.

"தம்பி, கோவியாதீங்க. இண்டைக்கு மட்டும் இந்தக் கதைய எடுக்காதீங்க. மகள் கண்மணிக்குச் சம்பந்தம் பேச வாவிக்கு அங்கால பழுகாமத்தால ஆக்கள் வருகினம். கொள்ளைக்காரன்ட வீடெண்டு ஆரோ அவங்கட காதில ஓதிப்போட்டாங்கள். பிள்ளைக்கும் அந்தப் பொடியனில நல்ல விருப்பம்."

சரியென்று தலையாட்டினேன். இருநூறு மைல் வந்தது வாயை மூடிக்கொண்டு இருக்கவா என்று மனசுக்குள் முணுமுணுத்ததும் உண்மை.

வெயில் ஏற வாவிக் கரையில் வள்ளம் வந்து தட்டியது. மாப்பிள்ளையின் தாய்மாமன் வேலுப்பிள்ளை முன்னால் வந்தார். பழுகாமத்து வயல் வட்டைகளில் பெரிய விளைச்சல்காரர், வேட்டி சலவை மடிப்புக் கலையாமல் இருந்தது. தண்ணீர் குடித்தார், வெற்றிலை போட்டார், கடல் பார்க்கவேண்டும் என்றார். எல்லோருமாகப் போனோம். மணலில் நடந்து களைத்தவர், வாகாக ஒரு வலைக்குவியலைக் கண்டதும், ஐயோ என்று கந்தப்பன் கையை நீட்டுமுன் அதில் உட்கார்ந்துவிட்டார்.

எழும்பியபோது வேட்டியின் பின்பக்கம் முழுக்கக் கரி. வலையைத் தூக்கிப் பார்த்தார்.

"இதென்ன குத்தி? ஏன் மூடி வச்சிரிக்கிறீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன். பொய் சொல்ல எனக்கு வராது, உண்மை சொல்ல அனுமதியில்லை.

பின்னாலிருந்து பொன்னம்மாவின் குரல் வந்தது. "மறைக்க என்ன இரிக்கி? நான் சொல்றன்."

அவர் சொன்ன கதை இது. ஒரு வாடைக்காலத்தில் கொள்ளைக் கப்பல் ஒன்று இந்தக் கரையில் மோதி உடைந்தது. இடுப்பில் கத்தியோடு ஒதுங்கிக் கிடந்தவன் வாயில் பொன்னம்மாவின் தாய்வழி முன்னோரில் ஒருத்தி தண்ணீர் விட்டாள். அவன் பாஷை ஒருவருக்கும் விளங்கவில்லை, பெயரும் தெரியாது. கப்பலார் என்று கூப்பிட்டு, அவளையே கட்டிக்கொடுத்தார்கள். பிறகு ஒருநாள் வேறொரு கொள்ளைக் கப்பல் கரையை நோக்கி வந்தது. ஊர் ஓடப் பார்த்தது. கப்பலார்தான் நிறுத்தி, தென்னங்குற்றிகளைக் குடைந்து கரிபூசி வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு ஆளைப் பந்தத்தோடு நிறுத்தினார். எந்தப் பீரங்கிக்குக் கொள்ளையர் பயப்படுவார்கள் என்பது அவருக்குத்தானே தெரியும்! கப்பல் திரும்பிப் போய்விட்டது. அந்த நினைவுக்குத்தான் இன்றும் ஒரு குற்றி, உக்கினால் புதிது மாற்றிப் போடுவார்களாம்.

எனக்குக் கைதட்டவேண்டும் போலிருந்தது. கந்தப்பனின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

வேலுப்பிள்ளையின் முகம் இளகவில்லை. "கதை நல்லாத்தான் இரிக்கி. ஆனா என்ர மருமகனயல்லோ இஞ்ச விட்டுட்டுப் போகப்போறன். கொள்ளைக்காரன்ட வம்சமெண்டு நாளைக்கு ஊர் சொல்லாதா?"

"வம்சம் எப்பிடி வரும்?" என்று கேட்டார் பொன்னம்மா. "குடி தாயாலதானே வாறது? கப்பலார் எங்கட குடிக்கு வந்த மாப்பிள்ளை. இந்தா நிக்கிற இவரும் வந்த மாப்பிள்ளை. உங்கட மருமகனும் வரப்போற மாப்பிள்ளை. கடலால வந்தா என்ன, வாவியால வந்தா என்ன?"

யாழ்ப்பாணத்தவனான எனக்கு அப்போதுதான் உறைத்தது: இங்கே குடி என்கிற வம்சக் கணக்குத் தாய்வழி, மாப்பிள்ளைதான் பெண் வீட்டோடு வந்து தங்குவார். தகப்பன் வழியாகவே கணக்குப் பார்த்துப் பழகிய நான், கந்தப்பன் முகத்தில் கொள்ளைக்காரன் சாயலைக் காலையிலிருந்து தேடிக்கொண்டிருந்தேன்!

வேலுப்பிள்ளை குற்றியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். "அந்த மனிசன் பெண்டாட்டி பிள்ளைய விட்டுட்டுக் கப்பலேறிப் போகல்லயா?"

"மறுகா ஒரு கப்பல்ல அவர்ர ஆக்கள் வந்து கூப்பிட்டும் போகல்ல. இந்த மண்ணிலதான் அடக்கம்."

"அப்ப சரி" என்றார். "என்ர மருமகனும் அவரப் போல இஞ்சயே நிக்கட்டும்."

கந்தப்பன் மணலில் குந்திவிட்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று சொல்லத் தெரியவில்லை. கடல்களைக் கலக்கிய எத்தனையோ கப்பல் தலைவர்களை நான் வியந்திருக்கிறேன். ஆனால் பெயரைக்கூட விட்டுவிட்டு, தண்ணீர் கொடுத்த வீட்டோடு தங்கிவிட்ட இந்த ஒருவர்தான் அவர்களில் பெரிய ஆள் என்று இப்போது எனக்குப் படுகிறது.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். பங்குனியில் போங்கள், கடல் அமைதியாக இருக்கும், முதல் கரைவலையும் பார்க்கலாம். மாரியில் வேண்டாம். வாவியைக் கடக்க வள்ளக்காரரிடம் ஏறுமுன்பே கூலி பேசிக்கொள்ளுங்கள், ஒரு ரூபாய்க்குள் முடியும். தண்ணீர் தந்தால் குடித்துவிட்டுப் பேசுங்கள். முக்கியமாக, வெள்ளை வேட்டியோடு போகாதீர்கள்.

பழுகாமம் பார்க்கும் ஆசையில் வேலுப்பிள்ளையின் வள்ளத்திலேயே நானும் ஏறிக்கொண்டேன். கந்தப்பன் ஒரு புது வேட்டியைக் கொண்டு ஓடிவந்து நீட்டினார். வேலுப்பிள்ளை வாங்கவில்லை.

"கரையில நிண்டு ஊர்ச்சனம் கேக்கும், இதென்ன கரியெண்டு" என்று அப்படியே வள்ளத்தில் நிமிர்ந்து நின்றார். "எங்கட சம்பந்தி வீட்டுப் பீரங்கி எண்டு சொல்லுவன்."