குருவிக் காவலுக்குப் போன பாட்டுக்காரி

இன்றும் விடிய ஆறரைக்குப் பேக்கரிப் பாண் விற்கும் ஓட்டோ வந்துவிட்டது. அதன் தலையில் கட்டிய ஒலிபெருக்கியில், எந்தக் காலத்திலோ ஓர் ஐரோப்பியர் பியானோவுக்கென்று எழுதிய மெட்டு, பற்றரி இறங்கி, இழுபட்டு, நொண்டி நொண்டி ஒழுங்கைக்குள் வருகிறது. அதே துண்டு, திரும்பத் திரும்ப. முடிவதும் இல்லை, நிற்பதும் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பாண் வாங்குகிறேன். ஐரோப்பாவின் சங்கீதம் எங்கள் ஊருக்கு இரண்டு வழியாக வந்தது. ஒன்று பாணோடு, மற்றது என் சாச்சியோடு. இரண்டிடமும் எனக்குப் பொறுமை இருந்ததில்லை.

சாச்சி உம்மாவின் தங்கை. புருஷன் விட்டுப் போனபின் லெபனானில் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போயிருந்தாள். அவளுடைய ஒரே மகள், என்னைவிட ஒரு வயது இளையவள், எங்கள் வீட்டில்தான் வளர்ந்தாள். கடல் பொங்கி ஊருக்குள் வந்த அன்று அவள் அதோடு போய்விட்டாள். சாச்சிக்குச் செய்தி எட்டி, லீவு கிடைத்து, விமானம் கிடைத்து, அவள் வந்து சேர்ந்தபோது நாங்கள் நாற்பதாம் நாள் கத்தமும் ஓதி முடித்திருந்தோம்.

வந்தவள் ஓவென்று அழுவாள் என்று வீடிழந்த எங்களுக்குக் கட்டித் தந்த தகரக் கொட்டில் வரிசை முழுவதும் காத்திருந்தது. அவள் அழவில்லை. ஒரு சீடி ரேடியோவையும் ஒரு பை சீடிகளையும் பாயில் இறக்கி வைத்தாள். கிழவி கொடுத்தனுப்பியவையாம். வழியில் சோதனைச் சாவடிச் சிப்பாய் சந்தேகப்பட்டு ஒன்றைப் போட்டுக் காட்டச் சொன்னானாம். அரை நிமிடம் கேட்டுவிட்டு அவசரமாகத் திருப்பிக் கொடுத்தானாம்.

அந்தச் சிப்பாய்க்கு இருந்த சுதந்திரம் எங்களுக்கு இருக்கவில்லை. பையில் கும்மாளமாகப் பாடி ஆடும் மேடை நாடகப் பாட்டுகளும் இருந்தன. சாச்சி அவற்றைத் தொடவே மாட்டாள். ஒவ்வொரு நாளும் அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரே சீடி. மேலே ஒரு வெள்ளைக்காரி கட்டிலில் சாய்ந்திருக்கும் படம் போட்டது. வயலின்கள் விம்மும், பிறகு அந்தப் பாட்டுக்காரியின் குரல் ஏறும், ஏறும், தகரம் அதிரும் மட்டும் ஏறும். முதல் நாள் பக்கத்துக் கொட்டில் மனிசி, யாருக்குப் பிள்ளை நோக்காடு என்று கேட்டுக்கொண்டு சுடுதண்ணீரோடு ஓடி வந்தாள்.

கதையைக் கிழவி கையாலும் அரபியாலும் சாச்சிக்கு விளக்கியிருந்தாள். பாடுகிறவள் துறைமுகத்துப் பெண், நெஞ்சு நோய்க்காரி, இன்றைக்கோ நாளைக்கோ என்று கிடக்கிறாள். எனக்கு எரிச்சலாக வந்தது. எங்கள் ஊரில் போனவர்களில் யாருக்கு ஒரு சொல் சொல்ல அவகாசம் இருந்தது? இவளுக்கு மட்டும் இருபத்தைந்து நிமிடமும் அத்தனை வயலின்களுமா? கேட்டேவிட்டேன்.

"மௌத்தாகப் போறவள் என்னத்துக்கு இவ்வளவு நேரம் பாட்டுப் படிக்கிறாள், சாச்சி?"

"அவள்ற தம்பி வரணுமே மகள். கப்பல்ல வாறான். அவன் வந்து சேருமட்டும் படிச்சிட்டுத்தான் இருப்பாள்."

கடைசியில் வாசலில் தம்பியின் குரல் கேட்கும். கேட்டதும் சாச்சி நிறுத்திவிடுவாள். பாட்டுக்காரி பிழைத்தாளா செத்தாளா என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. இத்தனை அலறலையும் தாங்கிய எங்களுக்கு முடிவைக்கூடத் தர மாட்டாள் சாச்சி.

உம்மாவின் பாடு இன்னும் மோசம். வயலின் தொடங்கினால் சட்டி பானைகளைப் போட்டு உருட்டுவாள். தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறி வராத நேரத்திலும் வெறும் குடத்தோடு வெளியே போய் நிற்பாள். தங்கையிடம் ஒரு சொல் சொல்ல மாட்டாள். ஒரு நாள் மட்டும் என் தலையை வாரிக்கொண்டே முணுமுணுத்தாள். இந்தச் சனியன் துலைந்தால்தான் தனக்கு மூச்சு வருமாம். அதை நான் கட்டளையாக எடுத்துக்கொண்டேன்.

மேற்கே வயல் வட்டையில் வாப்பாவின் நெல் கதிர் தள்ளியிருந்த காலம். கடல் புகுந்த வீடியோக் கடையொன்றின் பழுதான சீடிகளை அள்ளிவந்து, குருவி விரட்ட எல்லாரும் வயல் நெடுகக் கயிற்றில் கட்டியிருந்தார்கள். சாச்சி லுஹர் தொழுகையில் நின்ற நேரம் பாட்டுக்காரியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஓடினேன். நூல் கோத்து, மற்றவற்றோடு கட்டிவிட்டேன்.

சாச்சி பாயை உதறினாள், பையைக் கொட்டினாள், யாரையும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் வாப்பா சோற்றுக்கு வந்து, நம்முடைய வரம்பில் ஒரு வெள்ளைக்காரி தொங்குகிறாள், குருவி கிட்டவும் வருகுதில்லை என்று சிரித்தார். சாச்சி பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். நானும் பின்னால் ஓடினேன். வயல் முழுக்க வெயில் வட்டம் வட்டமாகச் சுழன்று கண்ணைக் குத்தியது. அவள் வரம்பு வரம்பாக நடந்து ஒவ்வொன்றையும் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். நான் இடத்தைக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை.

கண்டெடுத்துக் கொண்டுவந்து, முந்தானையால் துடைத்து ரேடியோவில் போட்டாள். குரல் வந்தது, ஏறியது, பிறகு தடக்கியது. ஒரே எழுத்தை விக்கல் போலத் திரும்பத் திரும்பச் சொன்னது. தம்பி வரவில்லை. மறுபடி போட்டாள். அதே இடம். சாச்சி மூடியைச் சாத்தினாள். அமைதி கிடைத்துவிட்டது. வாசலில் வெறும் குடத்தோடு நின்ற உம்மா, இன்னொரு தரம் போட்டுப் பார்க்கும்படி கெஞ்சாத குறையாகக் கேட்டாள். கேட்ட அமைதி கிடைத்தபின்னும் இந்தப் பெரியவர்களுக்கு என்னதான் வேண்டும் என்று எனக்குக் கோபம் வந்தது.

அடுத்த மாதம் சாச்சி லெபனானுக்குத் திரும்பிப் புறப்பட்டாள். நாங்கள் அந்தத் தகரத்தை விட்டு வெளியேறியது போர் முடிந்த வருஷம்தான். அவள் அதையெல்லாம் பார்க்கவில்லை. கல்முனை பஸ் நிலையத்தில் கொழும்பு பஸ்ஸின் யன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். உம்மா கீழே நின்று யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஏதோ சொல்ல வாயெடுப்பதும் விழுங்குவதுமாக இருந்தாள். நான் சீடியைக் களவெடுத்ததைக் கண்டுபிடித்து அதைத்தான் சொல்லப்போகிறாள் என்று உம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தேன்.

"கடல் வந்த அண்டைக்குக் காலையில அவளக் கடக்கரைக்கு மீன் வாங்க அனுப்பினது நான்தான்" என்றாள் உம்மா.

எனக்கு உயிர் வந்தது. பஸ் புறப்படுகிற நேரத்தில், மாதக்கணக்காகிப்போன ஒரு மீன் கதையை எடுக்கிறாளே என்று சிரிப்புக்கூட வந்தது. சாச்சி என்னைப் பார்க்கவில்லை. கம்பிமேல் இருந்த உம்மாவின் விரல்களைத் தன் கையால் மூடினாள்.

"தெரியும் ராத்தா. நான் இருந்திருந்தா நானும்தான் அனுப்பியிருப்பன்."