தாசிலியிலிருந்து வந்த கல்

மஞ்சக்குப்பத்திலிருந்து சிதம்பரத்துக்குத் தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போகிறவன் நான். உட்கார இடம் கிடைத்தால் போனில் தாசிலியைப் பற்றிப் படிப்பேன். அல்ஜீரியாவில், சகாரா பாலைவனத்துக்குள் கிடக்கும் மணற்கல் பீடபூமி அது. இன்று வெறும் பாறையும் மணலுமாகக் கிடக்கும் அந்த இடத்தில் மாட்டு மந்தைகளையும் நீர்யானைகளையும் வரைந்து வைத்திருக்கிறார்கள் ஆதி மனிதர்கள். ஒரு காலத்தில் அங்கே ஆறு ஓடியிருக்கிறது. சாவதற்குள் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று சொல்லிச் சொல்லி என் மனைவிக்கே அந்தப் பெயர் அலுத்துவிட்டது.

போய்ப் பார்த்ததோ அவள் தம்பி. அல்ஜீரியாவில் எண்ணெய்க் கம்பெனி ஒன்றில் வெல்டர். லீவில் நண்பர்களோடு ஜீப்பில் போயிருக்கிறான். ஊருக்கு வந்ததும் எங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்து போட்டோ காட்டினான். எல்லாவற்றிலும் கூலிங் கிளாஸோடு அவனே நிற்கிறான். தோளுக்குப் பின்னால், பாறையில் வரைந்த ஒரு மாட்டின் கொம்பு மட்டும் தெரிகிறது.

"கொஞ்சம் தள்ளி நின்னிருக்கக் கூடாதா மச்சான்?" என்றேன்.

"செம வெயிலு மாமா. நம்மூரு குறிஞ்சிப்பாடி வெயிலெல்லாம் ஒண்ணுமே இல்ல."

எனக்கு வயிறு எரிந்தது. மனைவி நல்ல பலாச்சுளையாகப் பார்த்து அவன் தட்டில் வைத்தாள். அதற்கும் சேர்த்து எரிந்தது.

அப்புறம் பாக்கெட்டிலிருந்து ஒரு கல்லை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். கல்லில் செதுக்கிய அம்பு முனை. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது, ஓரம் இன்னும் கூர்மையாக இருந்தது.

"மணல்ல கெடந்துச்சு மாமா. ஒங்களுக்குப் புடிக்குமேன்னு எடுத்தாந்தேன்."

யாரும் எனக்கு அப்படி ஒன்றைத் தந்ததில்லை. ஆனால் குனிந்து அதைப் பொறுக்கியது நானில்லையே என்ற ஆத்திரம் முந்திக்கொண்டது.

"அங்கேர்ந்து ஒரு கல்லு கூட எடுக்கக் கூடாது, தெரியுமா? சட்டப்படி குத்தம். ஒனக்கெல்லாம் அதோட அருமை எங்க தெரியப்போவுது?" என்று பொரிந்து தள்ளினேன். சொன்ன விஷயம் சரிதான். வயிற்றெரிச்சலில் சொன்னேன் என்பதும் நிஜம்.

அவன் முகம் சுண்டிப்போனது.

"தெரியாது மாமா. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று என் கையிலிருந்து கல்லை எடுத்துக் கைக்குட்டையில் மடித்துக்கொண்டான். "அடுத்த மாசம் திரும்பிப் போறேன்ல, எடுத்த எடத்துலயே வச்சிட்டு வந்துடறேன்."

"அப்படியே இன்னொரு தடவ நல்லா சுத்திப் பாத்துட்டு வாடா" என்றாள் என் மனைவி, என்னைப் பார்த்துக்கொண்டே.