சிவப்புச் சீட்டு எடுக்காதவன்

என் தம்பி சக்ரித் ஐஸ் வண்டி ஓட்டுகிறான். தாய்லாந்தில் எங்கள் ரோய் எட் ஊர்ச் சந்தையில் மீன்காரிகளின் பெட்டிகளை விடிவதற்குள் நிரப்பியாக வேண்டும். அவனைச் சொரணை கெட்டவன் என்று நானே திட்டுவேன். திட்டினாலும் பேசமாட்டான், பாராட்டினாலும் பேசமாட்டான். ஒராதை அவனிடம் என்னத்தைக் கண்டு கட்டிக்கொண்டாளோ. இப்போது அவளுக்கு ஏழாம் மாதம்.

இருபத்தொரு வயதானால் ஏப்ரலில் பட்டாளச் சீட்டு. பானைக்குள் கைவிட வேண்டும். கறுப்பு வந்தால் வீடு, சிவப்பு வந்தால் இரண்டு வருஷம். பன்னிரண்டாவது முடித்தவன் தானாகப் பெயர் கொடுத்தால் ஒரு வருஷத்தோடு விட்டுவிடுவார்கள். நம்மாள் பன்னிரண்டாவது முடித்தவன், இதையே நினைத்து மண்டையைக் குடைந்துகொண்டிருந்தான்.

"சீட்டே எடுடா. என் கை ராசியான கை, தொட்டுக்க," என்றான் அவனுடைய கூட்டாளி போங்.

"உன் ராசி தெரியாதா? லாட்டரில என்னிக்குடா உனக்கு விழுந்திருக்கு?" என்றேன்.

சக்ரித் ஒட்டரிசிச் சோற்றை உருட்டிக்கொண்டே இருந்தான். "ரெண்டு வருஷம்னா புள்ள என்னை யாரோன்னு பாக்கும்க்கா," என்றான்.

சீட்டு நாளன்று பள்ளிக்கூட மைதானத்தில் பையன்களைச் சட்டையில்லாமல் வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். நான் கயிற்றோரம் நின்றேன். வெயில் தாங்காமல் ஒராதை தூரத்துப் பந்தலுக்குப் போய்விட்டாள், கையில் கோயில் மாலையோடு.

"தானா வர்றவங்க முன்னாடி வாங்க," என்றார் சார்ஜென்ட். சிலர் போனார்கள். சக்ரித் அசையவில்லை. பெயர் கொடுக்கிறவர்கள் எல்லோரும் போன பிறகு எழுந்தான். முகத்தில் ஒன்றுமே இல்லை, ஐஸ் இறக்கப் போகிறவன் மாதிரி நடந்தான்.

சார்ஜென்ட் தலைகளை எண்ணிவிட்டு மைக்கைப் பிடித்தார். "வேண்டிய ஆள் சரியா நிறைஞ்சாச்சு. இந்த வருஷம் சீட்டு கிடையாது. மத்தவங்க வீட்டுக்குப் போகலாம்."

மைதானமே துள்ளியது. போங் ஓடிவந்து அவனைத் தோளில் தூக்கிக்கொண்டான். "கடைசி ஆள் இவன்தாண்டா. இவன் எந்திரிச்சதால நாம தப்பிச்சோம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவன் உட்கார்ந்தே இருந்திருந்தால் அத்தனை பேருக்கும் சேர்த்துப் பானையில் ஒரே ஒரு சிவப்புத்தான் கிடந்திருக்கும். இதை அவனிடம் எப்படிச் சொல்வது? அவனுக்குத் தெரியாமலா இருக்கும்?

அவன் போங்கின் தோளில் வருவதைப் பார்த்த ஒராதை வயிற்றைப் பிடித்துக்கொண்டு வேகமாக வந்தாள். அவனை இறக்கி விட்டதும் மாலையைப் போட்டாள்.

"கறுப்பா?"

"ஒரு வருஷம்," என்றான்.

அவள் சுற்றிலும் பார்த்தாள். "அப்ப இவங்க எல்லாம் ஏன் சிரிக்கிறாங்க?"

சக்ரித் மாலையைக் கழுத்தில் சரிசெய்துகொண்டான்.

"வீட்டுக்குப் போறாங்க," என்றான்.