நத்தைக்குப் பயந்த அண்ணி

ஒவ்வொரு இலையையும் மல்லாத்திப் பார்க்கிறாள். முன்பக்கம் பார்த்துவிட்டுப் பின்பக்கம், அதற்குப் பிறகு காம்பு பிரியும் இடுக்கு. அங்கே ஓடில்லாத நத்தை ஒன்று விரல்நகம் அளவுக்குச் சுருண்டு படுத்திருந்தால், மூச்சை உள்ளுக்கு இழுத்துக்கொண்டு இடுக்கியால் எடுத்து உப்புத்தண்ணீர் டப்பாவில் போடுகிறாள். கையால் தொடமாட்டாள். கீரைக் கொட்டகையில் வேலை செய்துகொண்டு நத்தைக்குப் பயப்படுவது, மீன் விற்கிறவள் செதிலுக்குப் பயப்படுவது மாதிரிதான். ஆனால் அவளுக்கு அந்தப் பிராணியை நன்றாகத் தெரியும். தெரிந்ததால் வந்த பயம் அது.

தெரு முழுக்க அவளுக்கு அண்ணி என்றே பேர். உண்மையில் அப்படிக் கூப்பிட உரிமை உள்ளவன் ஒரே ஆள், அவள் கொழுந்தன். கணவர் வேன் ஓட்டிக் கீரையை ஓட்டல்களில் இறக்குகிறார். கொட்டகையை இவளும் கொழுந்தனும் பார்க்கிறார்கள். சமைக்காமல் பச்சையாகத் தின்கிற கீரை. அதனால்தான் ஒரு இலையைக்கூடப் பார்க்காமல் விடமாட்டாள்.

"இதோட நாக்கு ஒரு அரம்," என்பாள். "ஆயிரக்கணக்குல பல்லு. தேயத் தேயப் புதுசு முளைக்கும். இலைய அப்படியே ராவி எடுத்துடும்."

"நமக்கு ஒரு பல்லு போனா டாக்டர்கிட்ட அலையணும்," என்பான் கொழுந்தன்.

"மேல ரெண்டு கொம்புல வெளிச்சம் பாக்கும், கீழ ரெண்டுல மோப்பம் பிடிக்கும். வலது பக்கம் ஒரே ஒரு ஓட்டை, மூச்சு அதுலதான். ஆம்பள பொம்பளன்னு தனியா கிடையாது. எல்லாமே முட்டை போடும்."

"அப்போ அதுங்க வீட்டுல சண்டையே வராது அண்ணி."

அவன் எப்போதும் இப்படித்தான். அவள் சிரிக்காமல் அடுத்த இலையை எடுப்பாள்.

இலையோடு விட்டிருந்தால் அவளும் பொறுத்துக்கொண்டிருப்பாள். அது கிடைத்ததையெல்லாம் தின்னும்: அழுகல், பூஞ்சை, செத்துக் கிடக்கும் தன் இனம், எலிப் புழுக்கை. எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழுவின் குஞ்சுகள் அந்தப் புழுக்கை வழியாக நத்தைக்குள் போகும். அந்த நத்தையைத் தெரியாமல் விழுங்கியவனுக்குள் போனால் மூளைக்கு ஏறும். விவசாய அதிகாரி ஒருவர் கூட்டம் போட்டு இதைச் சொன்னார். மற்றவர்கள் டீ குடித்துவிட்டு வந்தார்கள். இவள் தூக்கத்தைத் தொலைத்துவிட்டு வந்தாள்.

அன்றிலிருந்து கொட்டகையில் ஒரு சட்டம். வேலை முடிந்ததும் ரப்பர் குழாயின் வாயைச் சுவரில் உள்ள ஆணியில் மாட்டவேண்டும். ஈரம் தேடி அலைகிற நத்தைக்குத் தரையில் கிடக்கும் குழாய் சொந்த வீடு மாதிரி. கொழுந்தன் மறப்பான், கணவர் மறப்பார், அவள் பின்னாலேயே போய் மாட்டுவாள். போன மாதம் ஒரு மாலை அவளே மறந்தாள். திடீரென்று மழை கொட்ட, நாற்றுத் தட்டுகளை மூட ஓடியவள் குழாயைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டாள். மறுநாள் காலை கொழுந்தன் தாகத்தோடு வந்து, தரையில் கிடந்த குழாயை எடுத்து, வாயில் வைத்து மடமடவென்று குடித்தான்.

"தொண்டையில ஏதோ வழுக்கிட்டுப் போச்சு அண்ணி," என்றான், வாயைத் துடைத்துக்கொண்டே.

அவள் குழாயை வாங்கிப் பார்த்தாள். வெளிப்பக்கம் முழுக்கப் பளபளவென்று ஒரு கோடு ஊர்ந்துவந்து, விளிம்பைத் தாண்டி உள்ளே போயிருந்தது. குழாயைப் போட்டுவிட்டு, அவனைக் கையோடு டாக்டரிடம் கூட்டிப் போனாள்.

டாக்டர் பதறவில்லை. "எல்லா நத்தையிலயும் புழு இருக்காதும்மா. பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. சில வாரம் கவனமா பாத்துக்குங்க. விடாத தலைவலி, கழுத்து விறைப்பு, இதுல எது வந்தாலும் உடனே கூட்டிட்டு வந்துடுங்க." முதல் பாதி அவள் காதில் ஏறவே இல்லை.

அதற்குப் பிறகு, அவன் கொட்டகைக்குள் காலை வைத்ததுமே, "தாடைய நெஞ்சுல முட்டு," என்பாள். அரசவைக்கு வந்தவன் போலக் கையை விரித்துக் குனிவான். முகவாய் சட்டைப் பொத்தானில் இடிக்கும். "போதுமா மகாராணி?" அப்போதுதான் அவளுக்கு மூச்சு சீராகும்.

"நான்தான குழாய கீழ போட்டேன்," என்று கணவரிடம் தினமும் புலம்புவாள்.

"அவன் கல்லத் தின்னாலும் செரிச்சுடுவான். நீ சும்மா மனசப் போட்டுக் குழப்பிக்காத," என்பார் அவர். சரி என்பாள். மறுநாளும் அதையே சொல்வாள்.

இன்று காலை கொழுந்தன் தாமதமாக வந்தான். கிண்டல் இல்லை. "தலைகாணி சரியில்ல போல அண்ணி. நேத்துலேர்ந்து தலை வேற விண்ணு விண்ணுன்னு தெறிக்குது."

இடுக்கியைக் கீழே வைத்தாள். "தாடைய முட்டு."

குனிந்தான். பாதியில் நின்றுவிட்டான்.

"விளையாடாத."

"விளையாடல அண்ணி. வரமாட்டேங்குது."

ஏற்றிய கீரையைக் கணவர் கூடை கூடையாக வாசலிலேயே இறக்கிப் போட்டார். வேனின் பின்னால், காலியான இடத்தில் அவனை உட்காரவைத்து அவளும் ஏறிக்கொண்டாள். அவனுக்கு மீசை முளைத்த நாளிலிருந்து அவள் அவனைத் தொட்டதில்லை. சாலை முழுக்கப் பள்ளம். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவன் பல்லைக் கடித்தான். அவள் அவன் தலையை இரண்டு கையாலும் தாங்கி, தன் தோளோடு சேர்த்து அசையாமல் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் ஸ்டிரெச்சர் வந்து நின்ற பிறகும் விடவில்லை.