தலையணையோடு சிரித்தவர்

குழந்தை வேண்டி, கருப்பைக் கட்டியை எடுக்க நெய்வேலியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தேன். பக்கத்துக் கட்டில் பெண்ணுக்கு அதே ஆபரேஷன் முந்தின நாளே முடிந்திருந்தது. அதற்காகப் போட்ட இரட்டைப் பின்னலை அவர் இன்னும் அவிழ்க்கவில்லை. சிரித்தால் தையல் வலிக்குமென்று, வயிற்றில் தலையணையை அழுத்திக்கொண்டுதான் சிரிப்பார். அவர் தலையணையை எடுத்தாலே வார்டு சிரிக்கத் தொடங்கிவிடும்.

“பயமா இருக்குதுங்க,” என்றேன்.

“எங்க வூட்டுக்காரரு மைன்ஸ்ல இருக்காருங்க. மேல்மண்ண வாரிப் போட்டாத்தான் அடியில கரி கிடைக்கும். எனக்கு இப்பத்தான் மண்ண வாரியிருக்காங்க. அதுக்குள்ள மாமியாரு பேரப்புள்ளைக்குப் பேரு தேடிகினு இருக்காங்க,” என்றவர் தலையணையை எடுத்தார்.

மறுநாள் மயக்கம் தெளிந்ததும் நானும் ஒரு தலையணை கேட்டேன்.

இப்போது என் மகள் பொக்கைவாய் திறந்து சிரிக்கும்போதெல்லாம் என் கை தானாகத் தலையணையைத் தேடுகிறது. பக்கத்துக் கட்டில் பெண்ணின் பெயரைக் கேட்டுக்கொள்ளாமலே வந்துவிட்டேன். அந்த மாமியார் கடைசியில் என்ன பெயர் வைத்தாரோ.