தக்காளிக் கொல்லையில் அக்கா விட்ட அட்டை

அக்கா போய் இன்றோடு ஓராண்டு. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளே, நண்பர்களே, அழுவதற்கென்று வந்திருந்தால் கொஞ்சம் பொறுங்கள். அக்கா ஜெயித்தவர். ஜெயித்தவர் கதையை மூக்கைச் சிந்திக்கொண்டே சொல்ல எனக்குப் பிடிக்காது.

அக்கா பூதலூர்ப் பக்கம் ஒரு பண்ணையாள் வீட்டில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அவருக்கும் எனக்கும் எட்டு வயது வித்தியாசம். நிலத்துக்காகக் கொடியும் கோஷமும் போலீசுமாக ஊர் ஊராய்ச் சண்டை நடந்த காலம் அது. ஆட்சி மாறி ஆட்சி வந்து, நில உச்சவரம்புச் சட்டப்படி பண்ணையிடமிருந்து எடுத்த நிலத்தில் எங்கள் அப்பாவுக்கும் ஓர் ஏக்கருக்குப் பட்டா கிடைத்தது. எப்பேர்ப்பட்ட நிலம்! வாய்க்கால் தண்ணீர் ஏறாத மேட்டுக் கொல்லை. சுற்றிலும் நெல் விளைய, எங்களுக்கு மட்டும் நெல் விளையாத மண். அதிலும் ஒரு ஷரத்து: தரிசாகப் போட்டால் பட்டா ரத்து.

திருமணமான ஆறாம் ஆண்டே மாமா காலமானார். இரண்டு பிள்ளைகளோடு அக்கா பிறந்த வீட்டுக்கே வந்தார். அப்பாவுக்குப் பின் பட்டா அக்கா பெயருக்கு மாறியது. கிணறு வெட்டித் தக்காளி போட்டார். வந்தது காய்ப்புழு. வாரம் தவறாமல் மருந்தடித்தார். கடைக்காரர் கொடுத்த புட்டிதான் மாறியது, புழு அசையவில்லை. தலையைக் காய்க்குள்ளும் உடம்பை வெளியிலும் வைத்துக்கொண்டு சாவகாசமாகத் தின்றது. ஒருநாள் மருந்து வாடையில் அக்கா வரப்பிலேயே மயங்கி விழுந்தார். பறித்ததெல்லாம் குப்பைக் குழிக்குப் போனது.

செடியைப் பிடுங்கிய கொல்லை வெறுமனே கிடந்தது. இதற்காகவே காத்திருந்தவர்போல், நிலத்தை இழந்த பழைய பண்ணையின் நிர்வாகத்தைப் பார்த்த காரியக்காரர் தாலுகா ஆபீசில் மனு கொடுத்தார். நிலம் தரிசாம், பட்டாவை ரத்து செய்ய வேண்டுமாம். அடுத்த வெள்ளாமையை வருவாய் ஆய்வாளரான ஆர்.ஐ. நேரில் வந்து பார்ப்பார் என்று தகவல் வந்தது. அந்த விளைச்சலும் போனால் நிலமும் போய்விடும்.

"மறுபடி அந்த வெசத்தத் தொட்டா நான் மனுஷியே இல்ல" என்று சொல்லிவிட்டு அக்கா நேரே வேளாண்மை ஆபீசுக்கு பஸ் ஏறினார். அங்கிருந்த அலுவலர் சொன்னபடி கொல்லையைச் சுற்றிச் செண்டுமல்லி நட்டார். தாய் அந்துப்பூச்சி முட்டையிட அந்தப் பூவைத் தேடிப் போய்விடுமாம். வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்து வடிகட்டித் தெளித்தார். ஆவணியில் செடி பூவெடுத்தது. அலுவலர் வந்து பார்த்துவிட்டு, "நல்லாருக்கும்மா. வெள்ளிக்கிழமை அட்டை வந்துடும், விட்டுடுவோம்" என்றார்.

அப்போது கிணற்றடியில் நின்ற என் காதில் இது விழுந்தது. அங்கேதான் வந்தது வினை.

மறுநாள் நான் சம்பா நடவுக்குப் போயிருந்தேன். என் கெண்டைக்காலில் ஓர் அட்டை ஒட்டிக்கொண்டு ரத்தம் குடித்துக்கொண்டிருந்தது. அதைப் பிய்த்து எறிந்துவிட்டு, "இந்தச் சனியனத்தான் எங்க அக்கா காசு குடுத்து வாங்கிக் கொல்லையில விடப்போவுது" என்று கூட நட்ட பெண்களிடம் சொன்னேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, சத்தியமாக நம்பினேன். புழுவை அட்டை தின்றுவிடும் என்று நானே ஒரு விளக்கமும் கொடுத்தேன்!

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாதி ஊர் எங்கள் கொல்லையில் நின்றது. நாட்டாண்மைக்காரர் முன்னால் வந்தார்.

"என்னம்மா, நீ அட்டை விடுறியாமே?"

"ஆமாங்க, இன்னிக்கே விட்டாவணும். நாளைக்கு வச்சா டப்பாவுலயே பொரிச்சிடும்" என்றார் அக்கா.

"ஐயய்யோ, பொரிக்குமாம்டி!" என்று பெண்கள் அலறினார்கள்.

"மழை பேஞ்சா அது வாய்க்கால்ல எறங்கி வயலுக்கு வரும். அப்பறம் நடவுக்கு எவ வருவா? டப்பாவ இப்படிக் குடு, கொளுத்திப்புடலாம்" என்றார் நாட்டாண்மைக்காரர்.

அப்போதுதான் அக்காவுக்கு விஷயம் புரிந்தது. முதலில் என்னை ஒரு முறை முறைத்தார். பிறகு டப்பாவைத் திறந்து, ஒரு சதுரத் துண்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"இதாங்க அட்டை. கடிக்குதான்னு பாருங்க."

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது காலண்டர் அட்டையில்ல?"

"அந்த மாதிரி அட்டைதாங்க. இதுல ஒட்டியிருக்கறது முட்டை. பொரிச்சா பொடிசா ஒரு குளவி வரும். அது காய்ப்புழு முட்டையத் தேடிப் போயி, அதுக்குள்ள தன் முட்டைய வச்சிடும். புழு பொறக்கவே பொறக்காது. நம்ம யாரையும் ஒண்ணும் பண்ணாதுங்க."

 உடனே எல்லோரும் சிரித்தார்கள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு! கொளுத்த வந்தவர்களே இலைக்கடியில் அட்டை கட்டினார்கள். பொழுது சாய்வதற்குள் ஒன்றுகூட மிச்சமில்லை.

"தண்டோரா போட்டது நீதானாடி?" என்றார் அக்கா.

"காதுல விழுந்ததத்தானேக்கா சொன்னேன்."

"மொதல்ல உன் வாயில ஒரு அட்டையக் கட்டணும்."

தப்பிப் பிறந்த ஒன்றிரண்டு புழுக்களுக்கு நோய் உண்டாக்கும் வைரஸ் கரைசலை வெல்லம் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு தெளித்தார். புரட்டாசியில் கொல்லை சிவந்து நின்றபோது ஆர்.ஐ. வந்தார். கூடவே காரியக்காரரும். செடி நுனியில் செத்த புழுக்கள் தலைகீழாகத் தொங்கின.

"என்னம்மா இது, துணி காயப்போட்ட மாதிரி?" என்றார் ஆர்.ஐ.

"அதுக்குச் சீக்குங்க. நமக்கு வராது."

"எல்லாம் வெளிப்பகட்டு சார். உள்ள பூரா புழுவா இருக்கும்" என்றார் காரியக்காரர்.

"அப்ப நீங்களே பறிச்சிக் குடுங்க" என்று சொல்லிவிட்டு அக்கா ஆர்.ஐ.யிடம் கத்தியை நீட்டினார்.

காரியக்காரர் நடுக்கொல்லைக்குள் போய்த் தேடித் தேடிப் பத்துப் பழம் பறித்தார். ஆர்.ஐ. ஒவ்வொன்றாக அறுத்தார். பத்திலும் புழு இல்லை. பத்தாவது பழத்தை அங்கேயே தின்றார்.

"இதையா தரிசுன்னு மனு எழுதுனீங்க?" என்று கேட்டுவிட்டு, கிராமத்துச் சாகுபடிக் கணக்கான அடங்கலில் தக்காளி என்று பதியச் சொன்னார். பக்கத்து வயலில் களையெடுத்த பெண்கள் குலவை போட்டார்கள்.  மனு தள்ளுபடியானது.

அதன்பின் ஊரில் யார் தக்காளி போட்டாலும் அக்காவிடம் கேட்டுத்தான் போட்டார்கள். காரியக்காரர் மகனும் வந்து கேட்டார். அவருக்கும் அக்கா முகம் கோணாமல் சொல்லிக்கொடுத்தார். நானாக இருந்தால் நாலு கேள்வி கேட்டிருப்பேன். அந்த ஓர் ஏக்கரை வைத்துத்தான் இரண்டு பிள்ளைகளையும் பட்டதாரி ஆக்கினார். கடைசி மூன்று மாதம் சிறுநீரகக் கோளாறில் படுத்தபோதும், பார்க்க வந்தவர்களிடம் கொல்லையைத்தான் விசாரித்தார்.

மருத்துவமனையில் முறை வைத்துத் துணையிருந்தவர்களுக்கும், பாடை சுமந்த தோள்களுக்கும், காரியத்தன்று பந்தலில் நின்று உழைத்த அத்தனை பேருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். இறப்பைப் பதியப் போனபோது இருந்த எழுத்தர் அவர். எங்கள் தெருப் பெயரைக் கேட்டதும், பழக்கத்தில் "தொழில், கூலிதானேம்மா?" என்றார்.

"இல்லீங்க சார். எங்க அக்கா விவசாயி. பட்டா இருக்கு, காட்டவா?"

"வேணாம்மா. மன்னிச்சிக்குங்க" என்று சொல்லிவிட்டு அவர் விவசாயி என்று எழுதினார். எங்கள் வம்சத்தில் அப்படி எழுதப்பட்ட முதல் இறப்புப் பதிவு அக்காவுடையது.