தடிமனும் ஒரு வருத்தமே?

வீடு வீடாய்ப் போய் நோய் வருத்தம் கணக்கெடுக்கிற வேலையிலை நாய்க்கடிக்குத் தப்பினாலும், ‘இஞ்சை ஒருதருக்கும் ஒண்டுமில்லை’ எண்ட பதிலுக்குத் தப்பேலாது. படிவமும் கையுமாய்ப் படலை படலையாய் நிண்ட உங்களுக்கு நான் சொல்லியே தெரியவேணும்?

மாரியிலை பரவுற சளிக்காய்ச்சலாலை எங்கடை பக்கத்திலை எத்தினை பேர் படுத்தவை, எத்தினை பேர் செத்தவை எண்டு பாக்கிறதுதான் எனக்குத் தந்த வேலை. இந்தக் கணக்கை வைச்சுத்தான் அடுத்த மாரிக்கு வயது போன ஆக்களுக்குத் தடுப்பூசி கேக்கிறது. கணக்குக் குறைஞ்சால் ஊசியும் குறையும் எண்டு மேற்பார்வையாளர் முதல்நாளே சொன்னவர்.

கொத்தமல்லித் தண்ணி

மயிலிட்டியிலை கிழிஞ்ச வலை பொத்திக்கொண்டிருந்த அண்ணை ஒராள். கண் சிவந்து, மூக்கு ஒழுகுது. ரெண்டு கிழமைக்குள்ளை ஏதும் வருத்தம் வந்ததோ எண்டு கேட்டன். இல்லையாம். நானும் ‘இல்லை’க்கு நேரை சரி போட்டன்.

படிவத்தை மடிக்கேக்கை மனிசி கொத்தமல்லி அவிச்ச தண்ணி கொண்டுவந்து அவருக்குக் குடுத்தா. உது என்னத்துக்கு எண்டு கேட்டன். அண்ணை இருமி ஓய்ஞ்சு சொன்னார்: “மூண்டு நாளாய்த் தடிமனும் காய்ச்சலும், தங்கச்சி. நீங்கள் வருத்தமெல்லோ கேட்டனீங்கள்?”

பூச்சியம்

அவருக்கு வேறை படிவம் எடுத்துப் புதிசாய் எழுதினன். அதுக்கு முதல் ‘இல்லை’ போட்ட வீடுகளுக்குத் திரும்பிப் போக மட்டும் பஞ்சி, அலுப்பிலை விட்டிட்டன். அந்தப் பஞ்சியை நினைச்சால் இப்பவும் வெக்கமாய்க் கிடக்கு.

அடுத்தது கொடிகாமம். சந்தையிலை மரக்கறி விக்கிற மனிசன் காய்ச்சலாலை நாலு நாள் போகேல்லை. வேலைக்குப் போகாத நாள் நாலு எண்டு எழுதினன். அதே காய்ச்சலோடை மனிசி சமைச்சு, மிளகாய்க் கண்டுக்குத் தண்ணி விட்டு, ஆடும் கட்டியிருக்கிறா. சம்பள வேலை இல்லாத ஆக்களுக்குப் பூச்சியம் போடவேணும் எண்டது விதி. போட்டன். அவ எட்டிப் பாத்தா. “அப்ப நான் படுத்தாலும் பூச்சியம், எழும்பினாலும் பூச்சியம் எண்டுறியள்.”

ரெண்டு கோடு

கொழும்புத்துறையிலை போன மாரியிலை புருஷனைப் பறிகுடுத்த ஒரு அம்மா. வீடு முழுக்கச் சளிக்காய்ச்சல் வந்ததாம், எல்லாரும் எழும்பிவிட்டினம், அவர் மட்டும் அஞ்சாம் நாள் மூச்செடுக்கேலாமல் போயிட்டாராம். மரணச் சான்றிதழிலை மாரடைப்பு. சான்றிதழிலை உள்ளதைத்தான் நாங்கள் எழுதலாம்.

படிவத்துக்கு அடியிலை ‘வேறு குறிப்பு’ எண்டு ரெண்டு கோடு இருந்தது. அதிலை அவ சொன்னதை எழுதியிருக்கலாம். மழை இருட்டிக்கொண்டு வந்தது, இன்னும் மூண்டு வீடு கிடந்தது. வெறுமையாய் விட்டிட்டன். என்ன எழுதினது எண்டு கேட்டா, வாசிச்சுக் காட்டினன். கோவிக்கேல்லை. “அந்த நெஞ்சு வருத்தத்தோடை பதினைஞ்சு வருஷம் தோணி தள்ளினவர், பிள்ளை. ஆளைக் கொண்டுபோனது தடிமன். அதை எழுதினால் ஆருக்கு என்ன குறை?”

சுகமான பகுதி

எல்லாத்தையும் கூட்டி எடுத்துக்கொண்டு போனன். மேற்பார்வையாளர் புரட்டிப் பாத்தார், ஒரு வெட்டுக்கொத்துக்கூட இல்லையெண்டு புழுகத்திலை சிரிச்சார். கொழும்புத்துறை அம்மாவைப் பற்றிச் சொல்லத்தான் வாயைத் திறந்தன். நான் வடிவாய்க் கேக்கேல்லை எண்டு பிடிபட்டுப் போகும் எண்டு பயந்து மூடிட்டன். அவர் கையெழுத்து வைச்சுக்கொண்டே சொன்னார்: “உங்கடை பகுதிச் சனம் நல்ல சுகமாய் இருக்குது, பிள்ளை. ஊசியை வேறை இடத்துக்குக் குடுக்கச் சொல்லுவம்.”

வைத்தியம் படிக்காமல், ஒரு குளிசையும் குடுக்காமல், வெறும் பேனையாலை மூண்டு ஊரைச் சுகப்படுத்தின ஆள் நான்.